கோடைத் தண்ணீரில் கற்ற நீச்சல்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிவிடுங்கள் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளிடம் இதைச் சொல்லலாமா? சித்திரையில் எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு குடத்துக்காகக் குழாயடியில் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் நீந்துவதற்கு எங்கே போவது? தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது கிணறு வற்றியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் என் தம்பி போனான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சந்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். சாவிக்கு அரம் போடுவது அவர் வேலை. முடி அளவு கூடினாலும் சாவி திரும்பாது, குறைந்தாலும் திரும்பாது என்று பெருமையாகச் சொல்வார். அந்த வேலையில் இருந்த பொறுமையை எல்லாம் பட்டறையிலேயே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு மிஞ்சியது அவருடைய கைதான். இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன கை. ஓர் அறை விழுந்தால் காது கொஞ்ச நேரம் கேட்காது.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்த ஒரு பையன் கல் உடைத்த குழியில் விழுந்து செத்துப்போனான். மழைத் தண்ணீர் நிறைந்த குழி. தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனை ஒரு கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தபோது அப்பா பட்டறையிலிருந்து சாப்பிட வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்படி அவர் தடவி நான் பார்த்ததே இல்லை. "வர்ற லீவுல ஒனக்கு நீச்சல் பழக்கிவிடுறேன்லே. பழக்காம விடமாட்டேன்" என்றார். அப்பா மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் பிள்ளைமேல் உயிராக இருந்துதான் அந்தக் காரியத்தை ஆரம்பித்தார் என்பதை நான் மறைக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் மூடியதும் பட்டறையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு எங்களை அகரத்துக்குக் கூட்டிப்போனார். அது அம்மா பிறந்த ஊர். அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, அங்கே மிளகாயும் வெங்காயமும் போட்டிருந்தார். தோட்டத்தின் நடுவில் பெரிய சதுரக் கிணறு. பாறையை வெட்டி இறக்கியது. ஒரு பக்கம் மட்டும் படி. மாடு கட்டிக் கமலையில்தான் தண்ணீர் இறைப்பார்கள். மாமாவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த முறை மாப்பிள்ளை. "இந்தா, ஒம் புருசன் மாடு பத்திட்டு வாரான் பாரு" என்று அத்தை கேலி செய்வார். அத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் மறைந்துகொள்வார். இளையவனுக்கு எட்டு வயது.

அப்பா வந்த காரியத்தைச் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார்.

"சித்திரையில எவனாச்சும் நீச்சல் பழக்குவானா மாப்ள? எங்க பயலுக தை மாசத்துல பழகுனானுக. கிணறு தளும்பிக்கிட்டு நிக்கும். மேல இருந்து தூக்கிப் போட்டா தன்னால கையக் கால அடிச்சு வந்துருவானுக. இப்பத் தண்ணி எங்க கெடக்கு?"

"தை மாசம் இவனுக்குப் பதிலா நீங்க பள்ளிக்கூடம் போறீங்களா மச்சான்?" என்றார் அப்பா.

"அதுக்கில்ல மாப்ள. ஆழத்துல பழகுனாத்தான் பயம் தெளியும்."

"நீச்சலுங்கிறது கையும் காலும் செய்யுற வேலை. இடுப்புத் தண்ணியில செஞ்சாலும் அதே கை, அதே காலுதான். எட்டாளு ஆழத்துல செஞ்சாலும் அதே கை, அதே காலுதான்."

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்கிற மாதிரிதான் அவருக்கு எல்லாக் கணக்கும்.  தங்கை புருஷனிடம் மாமா எவ்வளவு பேச முடியும்? பத்து நாளைக்குக் காலையில் கமலை பூட்டுவதைச் செத்த நேரம் தள்ளிப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னார். அது சின்ன உதவி இல்லை. அந்த வெயிலில் ராத்திரி முழுவதும் ஊற்று ஊறினால்தான் விடிகாலையில் கொஞ்சம் தண்ணீர் சேரும். வெயில் ஏறுவதற்குள் அதை இறைத்துப் பாய்ச்சினால்தான் செடி தலை நிமிரும். அந்தத் தண்ணீரில்தான் தம்பிக்கு நீச்சல். பாடம் முடிகிற வரை மேலே மாடுகள் பூட்டத் தயாராக நிற்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மாமாவின் மூத்த மகன் நிற்பார்.

முப்பது படிக்கு மேல் இறங்க வேண்டும். கடைசிப் படியில் நான் நிற்பேன். தம்பியின் இடுப்பில் கட்டிய தாம்புக் கயிற்றின் மறுமுனை என் கையில். பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு, கயிறு பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று அதுவும் அப்பாவே முடிவு செய்துவிட்டார். தண்ணீர் அப்பாவுக்கு இடுப்புக்குச் சற்று மேலே, தம்பிக்குக் கழுத்து வரை. அடியில் கணுக்கால் புதைகிற அளவுக்கு மெல்லிய சேறு.

முதல் நான்கு நாள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தான். காய்ந்த சுரைக்காய் மிதக்கும், அதோடு சேர்ந்து அவனும் மிதந்தான். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு தவளை மாதிரி காலை உதைத்தான். "அக்கா, பாரு! அக்கா, பாரு!" என்று கத்துவான். அந்த நான்கு நாள்தான் அவன் தண்ணீரில் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அப்பா குடுக்கையை அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். அவன் முங்கினான், தண்ணீர் குடித்தான், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். அப்பா பிய்த்துப் போட்டார். மறுபடியும் முங்கினான். ஈரக் கையால் முதுகில் ஒன்று வைத்தார். அந்தச் சத்தம் கிணற்றின் நான்கு சுவரிலும் மோதி நான்கு அடியாகக் கேட்டது. ஆறாம் நாளும் அப்படியே. தம்பியின் உதடு நீலமாகிவிட்டது. மேலேயிருந்து மாமா எட்டிப் பார்த்து, "மாப்ள, மாடு நிக்குது. செடி வாடுது. பயல மேல விடுங்க, தை மாசத்துல ரெண்டு நாளைக்குக் கூட்டியாங்க, நான் பழக்கி விடுறேன்" என்றார். அது அப்பாவுக்கு ஆகவில்லை. மைத்துனன் முன்னால் தோற்றுப்போவதா?

"நாளைக்கு இவன் நீந்துவான். நீந்தலைன்னா கயித்தை அவுத்து விட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

ஏழாம் நாள் தம்பி நீந்தினான்.

அப்பா எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டு, "வாலே, வா, வா" என்று கையை நீட்டினார். தம்பி படியோரத்திலிருந்து புறப்பட்டான். இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரித் தள்ளினான். பின்னால் ஒரு கால் தண்ணீரை அடித்தது. தலை மேலேயே இருந்தது. மூச்சு வாங்க, வாயைத் திறந்துகொண்டு, அந்தச் சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டான். அப்பா அவனை அப்படியே தூக்கித் தலைக்குமேல் பிடித்தார். "மச்சான், பாத்தீங்களா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பொந்திலிருந்த புறாக்கள் பறந்தன. மேலே மாமாவும் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மகனும் குனிந்து பார்த்து, "சபாசு!" என்றார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து வேறு ஒன்று தெரிந்தது. தம்பி போன வழியெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து சேறு கலங்கிக் கலங்கி மேலே வந்தது. ஒரு முழத்துக்கு ஒன்றாக. நீந்துகிறவன் அடிச் சேற்றை எப்படிக் கலக்குவான்? ஒரு காலைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு மற்றக் காலைத் தரையில் ஊன்றி ஊன்றித் தாவிப் போயிருக்கிறான். எதிரே நின்ற அப்பாவுக்குத் தலையும் கையும்தான் தெரிந்தது. மேலே நின்றவர்களுக்குத் தண்ணீர் சிதறுவது தெரிந்தது. அவன் திரும்பி வருவதற்குள் கிணறு முழுவதும் கலங்கிவிட்டது, பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது.

படியேறும்போது அவன் எனக்குப் பின்னால் வந்தான். என் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பெருவிரல்தான்க்கா ஊனுனேன். லேசாத்தான். அப்பாட்ட சொல்லிறாதக்கா. அடுத்த லீவுல நெசமாவே பழகிக்கிறேன்."

அவன் முதுகில் அப்பாவின் ஐந்து விரலும் இருந்தன. சொல்லமாட்டேன் என்றேன். பாவம் பார்த்து மட்டும் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டால் அது பொய். கயிறு பிடித்து என் உள்ளங்கை இரண்டும் காந்தின. விடியுமுன் எழுந்து அந்தப் பாழும் படியில் நின்று நின்று எனக்கு வெறுத்துவிட்டது. இதோடு முடிந்தால் சரி என்றுதான் இருந்தது.

மாமா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பையன் நீச்சல் பழகி முடித்ததும் தாய்மாமன் அவன் தலையில் புதுத் துண்டைக் கட்டி, கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டி வந்து, அவன் கட்டிப் பழகிய சுரைக்குடுக்கையைக் கமலைக் கல்லில் போட்டு உடைப்பார். அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் குடுக்கையும் கொடுக்கமாட்டார்கள், கயிறும் கட்டமாட்டார்கள். அவன் கேட்டால் கேவலம். அன்று சாயந்திரம் தம்பிக்கு அது நடந்தது. சிவப்புக் கரை போட்ட துண்டு அவன் கண்ணை மறைத்தது. குடுக்கை உடைந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அத்தையும் அம்மாவும் குழிப்பணியாரம் சுட்டார்கள். நானும் ஏழெட்டுத் தின்றேன்.

திண்டுக்கல்லுக்கு வந்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். தெருவெல்லாம் பேச்சு. செத்துப்போன பையனின் அம்மாகூட வந்து தம்பியின் கன்னத்தை வழித்து, "இம்புட்டு நாள்ல பழகிட்டியா அப்பு? எம் பிள்ளைக்கு யாரும் பழக்கலையே" என்று அழுதார். அப்பா பட்டறையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். தம்பியே ஒரு மாதத்தில் அதை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குப் பட்டது. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குத் தரையில் படுத்துக் காலை எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தானாம்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. தீபாவளிக்கு அகரம் போனோம். முதல் நாள் சாயந்திரம் நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.  மூன்று படிதான் வெளியே தெரிந்தது. மேலிருந்து நாலாவது படியில் தண்ணீர் நின்றது. பச்சையாக, அசையாமல், அடி தெரியாமல். தம்பியைக் கூப்பிட்டு, "இதுல எறங்கக் கூடாது, தெரியுதா?" என்றேன். "நான் ஏங்க்கா எறங்கப் போறேன்?" என்றான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

தீபாவளியன்று விடிந்ததும் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தார்கள். மாமாவின் பையன்கள் இரண்டு பேரும் தலையில் எண்ணெய் சொட்டச் சொட்டக் கிணற்றுக்கு ஓடினார்கள். தம்பி வெந்நீர் அண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா சொன்னார், "நீ ஏண்டா பொம்பளப் பிள்ளை மாதிரி இங்க உக்காந்திருக்க? போ, அவங்களோட போயி நல்லா முங்கிக் குளிச்சிட்டு வா."

"மழையா இருக்கும்மா. வேணாம்" என்றேன் நான்.

"அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமேடி" என்றார் அம்மா.

அப்பா பக்கத்தில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "தெரியுமாவா? மீனு மாதிரி போவான் எம் மகன்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். சொல்லிவிடு என்று பார்த்தானா, சொல்லிவிடாதே என்று பார்த்தானா, இத்தனை வருஷத்தில் எனக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கையைப் பார்த்தேன். தீபாவளியும் அதுவுமாக அடி வாங்கப் போகிறானே என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். தம்பி எழுந்து சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு நடந்ததை மாமாவின் இளைய மகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தம்பி நாலாவது படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தானாம். நடுக் கிணற்றில் நீந்திக்கொண்டிருந்த மூத்தவர், "ஏலே, துண்டெல்லாம் கட்டினாங்கள்ல, வாலே" என்று கூப்பிட்டாராம். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தானாம். எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனாகவே குதித்தானாம். ஒரு தரம் மேலே வந்தான், மறுபடி உள்ளே போனான். இரண்டு பேரும் அவன் மூச்சுப் பிடித்து விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். நீச்சல் தெரியாத பையனாக இருந்தால் அந்தக் கணமே பாய்ந்து பிடித்திருப்பார்கள். இவனுக்குத்தான் குடுக்கை உடைத்தாகிவிட்டதே. ஐம்பது வரைக்கும் எண்ணினார்களாம்.

மாமா குதித்து, மூன்று முறை முங்கி, அவனைத் தூக்கி வந்தார். தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. அம்மா அவனைப் போட்டு உலுக்கினார். "நாந்தான் போன்னு சொன்னேன், நாந்தான் போன்னு சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வாக்கியத்தை விட்டு அவர் பிறகு வெளியே வரவே இல்லை.

அப்பா அழவில்லை. "நீச்சல் தெரிஞ்ச பிள்ளை எப்பிடிச் சாவான்?" என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். ஒருவர் நரம்பு இழுத்திருக்கும் என்றார். ஒருவர் கிணற்றில் முனி இருக்கிறது என்றார். அப்பாவுக்கு எதுவும் பொருந்தவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா குடும்பம் திண்டுக்கல் வந்தது. நிறைந்த சபையில் அப்பா மாமாவின் மூத்த மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"நீதானடா தள்ளுன? தள்ளித் தலைய அமுக்காம எம் மகன் போயிருக்க மாட்டான்."

"இல்ல மாமா. கூப்பிட்டேன். அவனாத்தான் குதிச்சான்."

"அவனாத்தான் குதிச்சான்" என்று இளையவனும் அழுதுகொண்டே சொன்னான். எட்டு வயதுப் பிள்ளை சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மாமாவுக்கு அவமானம் தாங்கவில்லை. கையிலிருந்த குடையாலேயே மகனை அடிக்க ஆரம்பித்தார். "தள்ளுனியா? நெசத்தைச் சொல்லு. தள்ளுனியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. குடைக் கம்பி வளைந்துவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.  கடைசியில் அத்தான், "ஆமா, தள்ளுனேன், தள்ளுனேன்" என்று கத்தினார். அடி நின்றது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அன்றோடு அந்த வீட்டு உறவு அறுந்தது. எனக்குப் பேசி வைத்த பேச்சும் போயிற்று.

எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். 

"அப்பா, தம்பிக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சேறு கலங்கியதைச் சொன்னேன். பெருவிரலைச் சொன்னேன். அடிப்பீர்கள் என்று பயந்துதான் அப்படிச் செய்தான் என்றும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மாகிட்ட இதைச் சொல்லாத" என்றார். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. வெளிய தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"அப்ப அத்தான்? அவங்க தள்ளுனதாச் சொல்றாங்களேப்பா."

"சின்னப் பய. ரெண்டு வருசத்துல மறந்துருவான்" என்றார் அப்பா.

தம்பியை அடிக்குப் பயந்து காப்பாற்றாமல் விட்டவள் நான். அப்பாவையும் கொன்றுவிடுவேனோ என்ற பயத்தில் பதின்மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. நடுவில் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தாய்மாமன் சீர் வராத கல்யாணம். ஊரில் ஒவ்வொரு கோடையிலும் யாராவது அப்பாவிடம் பிள்ளைக்கு நீச்சல் பழக்கலாமா என்று கேட்பார்கள். "பழகி என்ன பிரயோஜனம்? விதி முடிஞ்சா போக வேண்டியதுதான்" என்பார். எங்கள் சந்தில் அதன் பிறகு ஒரு பிள்ளையும் நீச்சல் பழகவில்லை. அவர்களில் இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு மழைக்காலத்தில் தண்ணீரில் விழுந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில் அப்பா நெஞ்சு வலியில் இறந்தார். துக்கத்துக்கு மட்டும் யாரையும் வரவேண்டாம் என்று சொல்ல முடியாதே, மாமா தன் மூத்த மகனோடு மூன்றாம் நாள் வந்தார். மாமா உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.  அத்தான் உள்ளே வரவில்லை. தெருவில் எதிர்வீட்டு வேம்பின் அடியில் நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயதுக்கு மீறி நரைத்திருந்தது.

"பிள்ளைங்க எத்தனை அத்தான்?"

"ஒரே பையன். நாலு வயசு. ஓடுவான், ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

"கிணறு அப்பிடியேதான இருக்கு?"

"இருக்கு. மோட்டார் போட்டுருக்கோம். சுத்தி முள்ளு வெட்டி அடைச்சு வச்சிருக்கேன்."

"முள்ளு எத்தனை நாளைக்கு? வர்ற தையிலயே நீச்சல் பழக்கி விடுங்க. தையில பழக்குங்க, சித்திரையில வேணாம்."

அவர் சிரிப்பதுபோல் ஏதோ செய்தார். "நீச்சல் தெரிஞ்ச பிள்ளையே போயிருச்சு. பழக்கி என்ன ஆகப்போகுது?"

அப்போதுதான் சொன்னேன். இனி அப்பா சாவாரே என்ற பயமில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பிக்கு நீச்சலே தெரியாது, ஒரு நாள்கூட அவன் நீந்தவில்லை, தரையில் கால் ஊன்றித்தான் போனான், நான் கண்ணால் பார்த்தேன், அப்பாவுக்கும் அந்தப் பதினாறாம் நாளே தெரியும், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது.  முடித்ததும் அத்தான் ரொம்பப் பரிவோடு என்னைப் பார்த்தார்.

"என் மனசு ஆறணும்னு சொல்ற. நல்ல மனசு புள்ள ஒனக்கு. ஆனா நான்தான் மேல மாட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேனே. அவன் இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு நீந்துனதை நானே பாத்தேனே."

"அது நீச்சல் இல்லத்தான். சேறு கலங்குச்சு. நான் கிட்டத்துல நின்னேன்."

"தள்ளுனேன் புள்ள" என்றார். "எங்கப்பாட்ட அடி வாங்கினப்ப ஒத்துக்கிட்டேன்ல? மொதல்ல பயத்துலதான் சொன்னேன்னு நெனச்சேன். அப்புறம் நெனச்சு நெனச்சுப் பாத்தா, இந்தக் கையில அவன் முதுகு பட்டது நல்லாத் தெரியுது. எண்ணெயா வழுக்குச்சு. இப்பவும் தெரியுது."

"நீங்க நடுக் கெணத்துல இருந்தீங்க. அவன் படியில இருந்தான். உங்க தம்பி அன்னிக்கே சொன்னானே!"

"அவன் எட்டு வயசுப் பய. அவனுக்கு என்ன தெரியும்?"

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கையைப் பிடித்து உலுக்கிக்கூடச் சொன்னேன், தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார், சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல. பையனுக்காவது நீச்சல் பழக்குவீர்களா என்று கேட்டேன். "தண்ணிப் பக்கமே விடமாட்டேன், நீ கவலைப்படாத" என்றார். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு, அகரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.